பல் நீட்டிய தகடு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது கிழிப்பேன், இல்லாவிட்டால் அடுப்பில் போடுவேன். பிறகு உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்வேன். என் மனைவிக்கு இது பழகிப்போன விஷயம். முக்கியமான எதையும் என் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கமாட்டாள். ஒரே ஒரு பிலிம் சுருளை மட்டும் அவள் ஒளித்து வைக்கத் தவறிவிட்டாள். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் ஒரு பழைய லென்ஸ் வாங்கிய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

நுவரெலியா கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. தோட்டத்துச் சனங்கள் எல்லோரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்குப் போவதா என்று வரிசைக் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் அதே பேச்சு. எந்தப் பக்கம் மனுப் போட்டாலும் படம் ஒட்ட வேண்டும். தோட்டத்துக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்க டவுனுக்கு வரமுடியாது. படம் எடுக்கிறவன்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

என்னிடம் இருந்தது மரப்பெட்டிக் கேமரா. துருத்தி, முக்காலி, கறுப்புத் துணி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மலையேறினால் மேலே போய்ச் சேரும்போது எனக்கு நாக்குத் தள்ளிவிடும். அதனால் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்னக் கேமரா தேடினேன். கந்தப்பளைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது தன் கேமராவைத் தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் கொடுத்துவிட்டுப் போனார், அவர் அதை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். மரப்பெட்டியை ஹட்டன்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டுப் பஸ் ஏறினேன். கையில் இருந்த ஒரே கேமராவைக் கொடுத்துவிட்டு, கண்ணால் பார்க்காத இன்னொன்றை நம்பிப் போன என் புத்தியை என்னவென்று சொல்வது!

அன்று நல்ல மழைச்சாரல். டீமேக்கர் என்னைத் தேயிலை ஆலைக்குள்ளேயே அழைத்துப் போனார். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். கொழுந்தைக் காய வைக்கும் ட்ரையருக்குப் பக்கத்திலேயே அவருடைய மேசை. வெளியே பல் கிட்டிப்போகிற குளிர். அந்த மூலையில் மட்டும் சட்டைப் பித்தானைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஒரு டம்ளர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, விரல்கள் சூடேறிய பிறகு லென்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

பழைய லென்ஸ் வாங்குகிறவன் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். கண்ணாடியில் கீறல் இல்லை. இந்த மலையில் எல்லா லென்ஸையும் தின்கிற பூஞ்சணம் ஒரு பொட்டுக்கூட இல்லை. கடைசியாக உள்ளே இருக்கும் தகடுகளைப் பார்த்தேன். எட்டு மெல்லிய தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நடுவில் ஒரு துவாரத்தை விடும். வளையத்தைத் திருப்பினால், அதில் எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும். துவாரம் பெரிதாக இருந்தால் வெளிச்சம் கூடுதலாக நுழையும், ஆனால் ஒரே தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். சிறிதாக இருந்தால் முன்னால் இருப்பவனும் பின்னால் இருப்பவனும் ஒன்றுபோலத் தெளிவாக விழுவார்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வோர் எண்ணாகத் திருப்பினேன். பெரிய துவாரத்தில் குறையில்லை. எட்டுக்கு வந்ததும் ஓரத்தில் சின்னதாக ஒன்று தட்டுப்பட்டது. பதினொன்றில் நன்றாகத் தெரிந்தது. பதினாறில் யாரோ ஓரத்தைக் கடித்துவிட்ட பிஸ்கட் மாதிரி இருந்தது. எட்டுத் தகட்டில் ஒன்று மட்டும் வரிசையில் அடங்காமல் உள்பக்கமாகப் பல் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே முகம் மாறிவிட்டது.

"என்னங்க, மொகம் ஒரு மாதிரியாப் போச்சு?" என்றார் டீமேக்கர்.

"ஒரு தகடு கோணலா இருக்குங்களே. இது எப்படி?"

"துரை அஞ்சாறு வருசமா புடிச்சாரு. ஒரு கொறையும் சொல்லல. நானும் அத மழையில போடலங்க. பூஞ்சணம் புடிச்சிரும்னு ட்ரையர் மேலதான் வச்சிருந்தேன். எங்கயாவது ஒரு பொட்டு இருக்கா பாருங்க."

இல்லை என்று தலையாட்டினேன். அந்த ட்ரையர் பேச்சு வலது காதில் புகுந்து இடது காதால் போய்விட்டது. மலைநாட்டில் தீப்பெட்டியை, உப்பை, பிள்ளைகள் காலில் போடும் சப்பாத்தைக்கூடச் சூடான இடத்தில்தான் வைப்போம். அதில் கேட்க என்ன இருக்கிறது? என் புத்தி முழுவதும் அந்த ஒற்றைப் பல்லில் இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். வளையத்தை முன்னும் பின்னுமாகத் திருப்பி, பல் ஒரே இடத்தில் நிற்கிறதா நகர்கிறதா என்று கவனித்தேன். ஒரே இடத்தில்தான் நின்றது.

இந்தக் கேமராவில் இன்னொரு வசதியும் உண்டு. ஆளைப் பார்க்கும்போது தகடுகள் முழுதாகத் திறந்திருக்கும். பித்தானை அழுத்துகிற நொடியில் தாமாகவே நாம் வைத்த அளவுக்குச் சுருங்கிவிடும். அதைச் சுருக்குகிற சின்ன ஊசி ஒன்று லென்ஸின் பின்புறத்தில் இருக்கும். அதை நகத்தால் இருபது தடவை தள்ளிப் பார்த்தேன். இருபது தடவையும் கண் இமைப்பதற்குள் சுருங்கியது. தகடுகளின்மேல் லேசாக ஒரு மினுமினுப்பு இருந்தது. புதுசு கெடாமல் இருக்கிறது என்று மகிழ்ந்தேன். அதை இப்போது எழுதும்போதுகூட என்னை நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

கோணல் தகட்டைக் காட்டிக் காட்டி அரைமணி நேரம் மல்லுக்கு நின்றேன். டீமேக்கர் அலுத்துப்போய் விலையைக் குறைக்க ஒத்துக்கொண்டார். பெரிய நிபுணன் மாதிரி கேமராவையும் லென்ஸையும் துணியில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கினேன்.

அடுத்த வாரமே அதே தோட்டத்தில் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்து, ஆட்கள் மலைக்குப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும். நேரம் போனால் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா எல்லோருக்கும் அரைப் பேர்தான் போடுவார், அதாவது அரைநாள் சம்பளம் போய்விடும். பெரட்டுக் களத்தில் புல்லெல்லாம் பனி. பேசினால் எல்லோர் வாயிலும் புகை வந்தது.

ஆளுக்கொரு பிலிம் செலவழித்தால் எனக்குக் கட்டாது. அந்த நாளில் தோட்டத்துக்குப் போகிற படக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஆறு பேரை இரண்டு வரிசையாக நிறுத்தி ஒரே படமாக எடுப்போம். பிறகு பெரிதாக்கி, ஒவ்வொரு தலையையும் கத்தரிக்கோலால் தனித்தனியாக வெட்டிக் கொடுப்போம். அதற்குத்தான் எனக்குச் சின்னத் துவாரம் வேண்டியிருந்தது. பதினொன்றில் வைத்தால் இரண்டு வரிசையும் தெளிவாக விழும்.

உட்கார நீளமாக ஒரு மர வாங்கைப் போடச் சொன்னேன். கங்காணி வரிசைப்படுத்தினார். யாரை எங்கே வைப்பது என்று அவர் யோசிக்கவேயில்லை. ஆம்பளைகள் மூன்று பேர் வாங்கில் உட்கார்ந்தார்கள். அவரவர் சம்சாரங்கள் அவரவர் பின்னால் போய் நின்றார்கள். எனக்கும் அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கல்யாண வீட்டில் எடுத்தாலும் கோயிலில் எடுத்தாலும் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். முன்வரிசைக்காரர்களின் கண்ணுக்குத் தெளிவை வைத்தேன், அழுத்தினேன். மூன்று பேராக, மூன்று பேராக மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். பின்னால் பெண்கள் வந்து வந்து நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

பிலிமைக் கழுவினேன். எல்லாம் கரிக்கட்டையாக இருந்தது. தேவைக்கு மேல் வெளிச்சம் புகுந்திருக்கிறது. முதலில் மருந்தைத் திட்டினேன். பிறகு பிலிம் விற்றவனைத் திட்டினேன். பிறகு தண்ணீர் பிடித்து வைத்த என் மனைவியைத் திட்டினேன். அவள் பிலிமை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நெகட்டிவில் பென்சிலால் தொட்டுக் குறை நீக்குகிற வேலை அவளுடையது. என் கண்ணைவிட அவள் கண் கூர்மையானது.

"என்னங்க, ஆம்பளைங்க மூஞ்சியெல்லாம் மீசை முடி எண்ணுற மாதிரி விழுந்திருக்கு. பின்னால நிக்கிறதுதான் எல்லாம் கலங்கிப் போயிருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பின்னால நிக்கிறது பூராவும் பொம்பளைங்க" என்றாள்.

ஆமாம். ஒருத்தி முகமும் தெளிவில்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல். எல்லாம் அந்தக் கோணல் தகட்டால் வந்த வினை என்று உறுதியாக நம்பினேன். திரும்பப் போய் எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தில் அடுத்த பிழையையும் செய்தேன். "நீ பென்சிலால கண்ணையும் மூக்கையும் கொஞ்சம் தூக்கி விடு" என்று அவளிடம் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். நான் கத்தினேன். பிறகு அவள் உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் கண் வரைந்தாள். நான் வெட்டி, உறையில் போட்டு அனுப்பினேன்.

பதினைந்து நாளில் கங்காணி ஆள் அனுப்பினார். மனுக்களைப் பார்க்கிற அரசாங்கக் கச்சேரியில் பெண்கள் படம் ஒன்றையும் ஏற்கவில்லையாம். இது படமா, சித்திரமா என்று கேட்டு மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்களாம். வந்தவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் படியிறங்கிய கையோடு அந்தப் பிலிம் சுருளை எடுத்து நாலாக வெட்டி அடுப்பில் போட்டேன். அது சுருண்டு, நாற்றமடித்து எரிந்தது. எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை. கடை திறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு பெண் கையில் மடித்த தாளோடு மேலே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலையைச் சுற்றிக் கம்பளி போட்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். கச்சேரியில் இருந்து நேரே வந்திருந்தாள்.

"மொதலாளி, மத்தவங்க எல்லாருக்கும் அடுத்த மாசம் வரைக்கும் தவணை இருக்குதுங்க. எங்க மனு மொதல்லயே போட்டது. இன்னைக்குப் படம் குடுக்கலன்னா அவரு பேர மட்டும் எடுத்துக்கிட்டு ஏம் பேர வெட்டிருவாங்களாம். அப்புறம் அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு ஆயிருமுங்க."

அவளுடைய புருஷன் வேலைக்குப் போய்விட்டான். அவன் படம் நன்றாக விழுந்துவிட்டதால் அவன் வரத் தேவையில்லை. அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. தாளைப் பிரித்து, பென்சில் கண் வைத்த தன் படத்தைக் காட்டினாள். அதில் யாருமே இல்லை.

நாற்காலியைப் போட்டேன். கேமராவில் பிலிம் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காருங்கம்மா. உங்களத்தான் எடுக்கப் போறேன்."

"பழக்கமாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கி நுனியில் உட்கார்ந்தாள்.

ஜன்னலில் பனிமூட்டம் அப்பியிருந்தது. என் வாயிலிருந்தும் புகை வந்தது. இந்தத் தடவை நம்பிக்கை இல்லை. லென்ஸைக் கழற்றி, பின்னால் இருக்கும் ஊசியை நகத்தால் தள்ளினேன். தகடுகள் உடனே அசையவில்லை. எதையோ யோசித்துவிட்டு மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, பாதியில் நின்றுவிட்டன. பிறகு மறுபடி நகர்ந்தன. மீண்டும் தள்ளினேன், அதே கதை. பித்தானை அழுத்தினால் படம் எடுக்கிற நேரம் ஒரு நொடியில் சின்னப் பங்குதான். அதற்குள் தகடு சுருங்கவில்லை என்றால் துவாரம் முழுதாகத் திறந்தபடியே படம் விழும். முன்னால் இருப்பவன் தெளிவு, பின்னால் நிற்பவள் புகை. ஒரே ஆளைக் கிட்டத்தில் எடுத்தாலும் கண் தெளிந்து காது கலங்கும். அன்றைக்கு ஸ்டோரில் இருபது தடவையும் சரியாக வேலை செய்தது ஏன் இன்றைக்குச் செய்யவில்லை? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "குளுருல வெறைச்சுப் போச்சுங்களா?" என்றாள். "எங்க வெரலும் காலையில இப்பிடித்தாங்க. மடக்கினா மடங்காது. கொழுந்து கிள்ள வராது. இஸ்டோருப் பக்கம் போயி ட்ரையர் ஓரமா நின்னாத்தான் வெரல் வெரலா இருக்கும்."

நான் லென்ஸைச் சோதித்ததே ட்ரையர் ஓரமாக நின்றுதான். டீமேக்கர் அதை வருடக்கணக்காக வைத்திருந்ததும் ட்ரையர்மேல்தான். லென்ஸ் இலகுவாகத் திரும்புவதற்கு உள்ளே தடவியிருந்த மசகு அந்தச் சூட்டில் உருகித் தகடுகள்மேல் வடிந்திருக்கிறது. அன்றைக்கு நான் கண்ட மினுமினுப்பு அதுதான். சூட்டில் எண்ணெயாக இருந்தது, குளிரில் பிசினாகிவிட்டது. பூஞ்சணத்துக்குப் பயந்து அவர் லென்ஸைக் கெடுத்தார். குளிருக்குப் பயந்து நான் சோதனையைக் கெடுத்தேன். அரைமணி நேரம் சண்டை போட்ட அந்தக் கோணல் பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"குடுங்க இப்பிடி" என்று அவள் கையை நீட்டினாள். லென்ஸை வாங்கி, இரண்டு கைக்குள்ளும் பொத்தி, கம்பளிக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். என் மனைவி அவளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு கையால் அதைக் குடித்தாள், மற்றக் கையை வெளியே எடுக்கவில்லை. கால்மணி நேரம் கழித்து லென்ஸை வாங்கி ஊசியைத் தள்ளினேன். டக்கென்று சுருங்கியது. மூன்று படம் எடுத்தேன்.

மத்தியானத்துக்குள் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தில் இருந்த சின்னத் தழும்புகூட விழுந்திருந்தது. அதை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓட்டமும் நடையுமாகக் கச்சேரிக்குப் போனாள்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "ஏத்துக்கிட்டாங்க மொதலாளி. ரெண்டு பேரு படத்தையும் ஒரே தாளுல ஒட்டிட்டாங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் போகாமல் நின்றாள்.

"மொதலாளி, அந்தப் பழைய படம் ஒண்ணு போட்டுத் தருவீங்களா?"

"எது?"

"அவரு உக்காந்து, நான் பின்னால நின்னது. வெட்டாம, முழுசா."

"அதுல உங்க மூஞ்சியே விழலையேம்மா."

"அவரு மூஞ்சி விழுந்திருக்குங்கள்ல. பின்னால நிக்கிறது நான்தான்னு எனக்குத் தெரியுமுங்களே" என்று சிரித்தாள். "கலியாணத்துக்குக்கூட எங்களுக்குப் படம் புடிக்கலீங்க. ரெண்டு பேரும் சேந்து இருக்கிறது அது ஒண்ணுதான்."

பிலிம் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரிச்சிட்டேம்மா" என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, "நல்லா விழாதத எரிக்கத்தானுங்களே வேணும்" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். எனக்கு!

"அவர ஒருநாள் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு எடுத்துத் தாறேன். காசு வேணாம்."

"வாறோமுங்க" என்றாள். கந்தப்பளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள்.

லென்ஸைப் பிரித்துத் தகடுகளைத் துடைத்தேன். எட்டும் ஒழுங்காக வேலை செய்தன. மற்றப் பெண்களையும் போய் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்து எடுத்துக் கொடுத்தேன். நான் போன அன்றைக்கு அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், புருஷன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போயிருந்தான், இருவரையும் சேர்த்து எடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் அந்த லயத்தில் கேட்டபோது, இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள் என்றார்கள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்களா என்று கேட்டேன். ஒன்றாகத்தான் என்றார்கள்.

அந்தக் கோணல் தகட்டை நான் திருத்தவில்லை. அந்த லென்ஸ் என்னிடம் இருந்தவரை அதனால் ஒரு படமும் கெடவில்லை.